ருமெனா பார்த்ததும் பார்க்காததும்

ருமெனாவும் நானும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்களில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறோம். அவள் வீட்டில் மிளகாய் சுட்டால் எனக்கு இருமல் வரும். என் கணவர் உயிரோடிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் சண்டை நடந்தால் மறுநாள் காலையில் காப்பிப் பாத்திரத்தோடு வந்து உட்காருவாள். ஒன்றும் கேட்க மாட்டாள். குடித்துவிட்டுப் போய்விடுவாள்.

நான் லேபோசாவா. லேபா என்று கூப்பிடுவார்கள். எங்கள் ஊரான பிஸ்ட்ரிட்சாவின் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். ருமெனா எங்கள் நகராட்சித் தண்ணீர் நிறுவனத்தில் மீட்டர் பார்க்கிறவள். வீட்டுக்கு வீடு முற்றத்தில் பதித்திருக்கும் இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி, குழிக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் மூடி உறைந்து ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் கேட்டு வாங்கி ஊற்றுவாள். செர்பியாவின் தெற்கில் எங்கள் மாதிரி ஒரு சின்ன ஊரில், எல்லா முற்றத்துக்குள்ளும் தட்டாமல் நுழையக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான். எல்லா நாய்களுக்கும் அவளைத் தெரியும்.

அரசியலைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் அரசியல் பேசியது அவள் மகள் நெவெனா. பெல்கிரேடுக்குப் படிக்கப் போனவள் அங்கேயே ஒரு சின்னப் புதுக் கட்சியின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ருமெனாவின் கணவன் வூகோமான் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவன். எல்லாக் கட்சியும் ஒரே வண்டிதான், எஞ்சின் மட்டும்தான் மாறுகிறது என்பான். மகளுக்கு அது பிடிக்காது. ருமெனா இரண்டு பேருக்கும் நடுவில் தட்டு வைப்பாள்.

அந்த டிசம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அதற்கு மூன்று வாரம் முன்னால், தண்ணீர் நிறுவனத்தின் இயக்குநர் மோமிர் ஊழியர்கள் எல்லோரையும் குழாய்க் கிடங்குக்குக் கூப்பிட்டார். அவர்தான் ஆளுங்கட்சியின் ஊர்த் தலைவரும். குழாய்களுக்கு நடுவில் நின்றுகொண்டு நிதானமாகப் பேசினாராம்.

"ஓட்டு ரகசியம்னு சட்டம் சொல்லுது. சட்டத்த நான் மதிக்கிறேன். ஆனா உங்களுக்கும் எனக்கும் நடுவுல என்னங்க ரகசியம்? எல்லார்கிட்டயும் ஃபோன் இருக்கு. ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பிடுங்க, அவ்வளவுதான்."

இரண்டு பேர் தலையாட்டினார்கள். ருமெனா அங்கிருந்து நேராக மாட்டு டாக்டர் சாஸ்லாவின் மருத்துவமனைக்கு நடந்தாள்.

சாஸ்லாவ் அவளுக்குக் கூம், அவள் அவருக்குக் கூமா. அவள் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர், நெவெனாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தியவர். எங்கள் ஊரில் கூடப் பிறந்தவனோடு மனஸ்தாபம் வந்து பேசாமல் இருக்கலாம். கூமோடு முடியாது. நெவெனாவின் கட்சிக்கு ஊரில் பொறுப்பாளரும் அவரே. நெவெனாவை அதில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். ருமெனா போனபோது அவர் ஒரு நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாராம். வாக்குச்சாவடியில் உட்கார உங்கள் கட்சிக்கு ஆள் கிடைக்கவில்லையாமே, என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். வேலை போய்விடும் என்று அவர் எச்சரித்தார். போனால் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அவளிடம் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். மீட்டர் பார்க்கப் போன இடத்திலெல்லாம் ஜனங்கள் குரலைத் தாழ்த்தி அவளிடம் பேசத் தொடங்கினார்கள். ருமெனா, நீ செய்தது பெரிய காரியம். ருமெனா, இந்தத் தடவை நாங்களும் உன் பக்கம். ஒருத்தி சுட்ட மிளகாயில் அரைத்த ஐவாரை ஒரு ஜாடி கையில் திணித்தாளாம், கண்ணில் தண்ணீரோடு. இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே எதையோ முணுமுணுத்துப் பாடுவது எனக்குக் கேட்டது. அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

வாக்குச்சாவடி எங்கள் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில். அதற்குத் தலைவியாக என்னைப் போட்டிருந்தார்கள். நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. என்னை நியமித்தது ஆளுங்கட்சிக்காரர்கள் என்பது ஊருக்குத் தெரியும். ருமெனாவுக்கும் தெரியும். அன்று காலையில் அவள் எனக்கு வணக்கம் சொன்ன விதமே வேறு மாதிரி இருந்தது, பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்வது போல இல்லை.

பெட்டிக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டியின் சீல் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். சாப்பாட்டுக்கு எழுந்து போகவில்லை. கொண்டுவந்த ரொட்டியை மடியில் வைத்தே தின்றாள். ஒரே ஒரு முறை வெளியே போக வேண்டியிருந்தபோது என்னிடம் வந்து, நான் வரும்வரை பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டிரு என்றாள். நான் வைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

மத்தியானம் ஓட்டு மறைப்புக்குப் பின்னாலிருந்து ஃபோன் படம் பிடிக்கும் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. வெளியே வந்தவன் தண்ணீர் நிறுவனத்துக்காரன், ருமெனாவோடு வேலை செய்கிறவன். நான் அவனை நிறுத்தி, படத்தை என் கண் முன்னால் அழிக்கச் சொன்னேன். நடந்ததைக் குறிப்பிலும் எழுதினேன். அவன் ருமெனாவைப் பார்த்தான். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒன்றைத் தவிர அந்தக் கூடத்துக்குள் அன்று தப்பாக எதுவும் நடக்கவில்லை. வெளியே என்ன நடந்தது, யார் யாரை எப்படி மிரட்டினார்கள் என்பது வேறு கதை.

சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைப் பிங்பாங் மேஜையில் கவிழ்த்தோம். பிரித்து அடுக்க அடுக்க ஆளுங்கட்சியின் கட்டு உயர்ந்துகொண்டே போனது. ருமெனாவின் கட்சியுடையது ஒரு கைக்குள் அடங்கியது. அவள் மறுபடி எண்ணச் சொன்னாள். எண்ணினோம். அதேதான். இன்னொரு தடவை என்றாள். மறுநாள் விடிகாலையில் பன்றி அறுக்க ஆள் வரச் சொல்லியிருந்த ஒருவர் பல்லைக் கடித்தார். அவள் கேட்டால் எண்ணித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை அவள் தனியாக எண்ணினாள். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். ஒவ்வொரு சீட்டாகத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து வைத்தாள். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். எல்லாம் சரிதான் என்றாள்.

வீட்டுக்கு ஒன்றாகத்தான் நடந்தோம். மழையும் பனியும் கலந்து பெய்துகொண்டிருந்தது. எங்கள் தெரு திரும்பும் இடத்தில் நின்றாள்.

"லேபா, முற்றத்துல என்கிட்ட வந்து சொன்னவங்க மட்டும் போட்டிருந்தாக்கூட அந்தக் கட்டு இப்ப இருக்கறத விட ரெண்டு மடங்கு இருக்கணும்."

வாசல்வரை சேர்ந்து நடந்தோம். அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் நாட்டின் முடிவு முழுசாக வந்துவிட்டது. ஆளுங்கட்சி முன்னைவிடப் பெரிதாக ஜெயித்திருந்தது. நெவெனாவின் கட்சி நாடாளுமன்றத்துக்குள் நுழையத் தேவையான சதவீதத்தை மயிரிழையில் தவறவிட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது, பேச்சின் நடுவிலேயே சட்டென்று நின்றது. நான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காப்பிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

ருமெனா குளிர்காலத்துக்குப் புளிக்கப் போட்டிருந்த முட்டைக்கோஸ் பீப்பாயின் உப்புத் தண்ணீரைக் கீழே வாளியில் இறக்கி மறுபடி மேலே ஊற்றிக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து இதையேதான் செய்கிறாள், முட்டைக்கோஸுக்கே தலை சுற்றியிருக்கும் என்று வூகோமான் என்னிடம் மெதுவாகச் சொன்னான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். அவள் ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. யார் பொய் சொன்னது, யார் பயந்தது, யார் வீட்டைவிட்டே கிளம்பாமல் இருந்துவிட்டது. அடுத்த வாரம் அந்த முற்றங்களுக்குள் அவள் மறுபடி போக வேண்டும். அதே ஆட்களிடம் வெந்நீர் கேட்க வேண்டும்.

அப்போதுதான் சாஸ்லாவ் வந்தார். சவரம் செய்திருக்கவில்லை, பூட்ஸைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. என்னைப் பார்த்ததும் தயங்கினார்.

"கூமா, இது நமக்குள்ள பேச வேண்டியது. டீச்சர் கொஞ்சம்..."

"அவ இருக்கட்டும்," என்றாள் ருமெனா.

அவர் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். கட்சிக்குக் குறைவது சொற்பம். நாடு முழுவதும் சில சாவடிகளில் மறு ஓட்டெடுப்பு வந்தால், ஜனங்களை வண்டி வைத்துக் கூட்டி வந்தாவது அந்தக் குறையை நிரப்பிவிடலாம். மறு ஓட்டெடுப்பு வேண்டுமென்றால் சாவடியில் உட்கார்ந்திருந்த உறுப்பினர் ஒருவர் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு நாளை மத்தியானம் வரைதான் நேரம். புகாரைப் பெல்கிரேடிலேயே தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார்கள். அவள் செய்ய வேண்டியது கீழே கையெழுத்துப் போடுவது மட்டும்.

ருமெனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். மத்தியானத்துக்கு மேல் பெட்டியின் சீல் உடைக்கப்பட்டது. சாவடித் தலைவி ஓட்டுச் சீட்டுகளைத் தன் பையில் வைத்திருந்தார். எண்ணிக்கை சரி என்று கையெழுத்துப் போடும்படி உறுப்பினர் மிரட்டப்பட்டார். தலைவி என்ற இடத்தில் என் முழுப் பெயர் இருந்தது. என் பெயரை அவள் வாயால் அந்த மாதிரி ஒரு வாக்கியத்துக்குள் கேட்டபோது என் காதெல்லாம் சூடாகிவிட்டது. கோப்பையைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"இது நடக்கலியே," என்றாள் ருமெனா.

"நடக்கலன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இதோ இவளுக்குத் தெரியும்."

சாஸ்லாவ் என் பக்கம் திரும்பவே இல்லை. "குழாய்க் கிடங்குல வச்சு உங்க எல்லாரையும் அந்த ஆள் மிரட்டினானே, அது நடக்கலியா?"

"நடந்தது."

"படம் எடுத்து அனுப்பச் சொன்னது?"

"சொன்னான். என் காதால கேட்டேன். அத எழுதிக் கொண்டாங்க கூமே, இப்பவே போடறேன் கையெழுத்து."

"அதுக்கெல்லாம் மறு ஓட்டு தர மாட்டாங்க. சாவடிக்குள்ள, பெட்டிய வச்சு என்ன நடந்தது, அது மட்டும்தான் கணக்கு."

"பெட்டிய வச்சு ஒண்ணும் நடக்கல. நம்ம ஆளுங்க ஓட்டுப் போடல. அதுதான் நடந்தது."

சாஸ்லாவ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வூகோமான் ரக்கியாச் சாராயம் ஊற்றி அவர் முன்னால் வைத்தான். அவர் தொடவில்லை. வெளியிலிருந்து திருடினால் என்ன, உள்ளிருந்து திருடினால் என்ன, திருட்டு திருட்டுதானே என்றார். இத்தனை வருஷம் நாம் யோக்கியமாக இருந்து கண்ட பலன் என்ன என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அவரும் தூங்கியிருக்கவில்லை, அவருக்கும் எல்லா முற்றத்திலும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தபோதும் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கடைசியில் வலது கையை விரித்து மேஜைமேல் வைத்தார்.

"உன் பொண்ண ஞானஸ்நானத்தப்போ இந்தக் கையிலதான் பிடிச்சிருந்தேன். இதுவரைக்கும் உன்கிட்ட எதாவது கேட்டிருக்கேனா?"

ருமெனா கண்ணாடியைக் கழற்றினாள். அவர் எழுந்து போனார். காகிதம் மேஜைமேல் கிடந்தது.

நானும் எழுந்தேன். அவளிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். போடாதே என்று கேட்டிருக்கலாம். ஆனால் நான் கேட்டு அவள் போடாமல் விட்டால் அது எனக்காக என்று ஆகிவிடும். வாழ்நாள் முழுக்க அது எங்கள் நடுவில் கிடக்கும். காப்பிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பரீட்சைத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே தாளைத் திரும்பத் திரும்பத் திருத்தினேன். ஓட்டுச் சீட்டைப் பையில் திருடிய டீச்சர் என்று பிள்ளைகள் கரும்பலகையில் எழுதி வைப்பதை என்னால் கண்ணுக்கு முன்னால் பார்க்க முடிந்தது.

சாயங்காலம் நெவெனாவின் ஃபோன் வந்தது. சுவர் வழியாக ருமெனாவின் குரல் மட்டும் கேட்டது. மகள் சொன்னதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதலில் கெஞ்சியிருக்கிறாள். அலுவலகத்தில் எல்லோரும் பிஸ்ட்ரிட்சா என்ன ஆச்சு என்று தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று அழுதிருக்கிறாள்.

"அம்மா, ஒரே ஒரு பொய். அவங்க தினம் சொல்றாங்க."

"அவங்க சொல்றாங்கன்னுதானே நீ அங்க போய் வேலைக்குச் சேந்த?"

பிறகு நெவெனா, எங்களைத் தோற்கடித்தது மோமிர் இல்லை, நீதான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வூகோமான் விறகு எடுத்து வருகிறேன் என்று கொட்டகைக்குப் போனவன் வெகுநேரம் திரும்பவில்லை.

விடிந்ததும் என் கதவைத் தட்டினாள். வேலைக்குப் போகிற உடுப்பில் இருந்தாள். கையில் கோடு போட்ட ஒரு தாள், இரண்டு பக்கமும் அவளுடைய குண்டு குண்டான எழுத்து.

"நீ டீச்சர்தானே. எழுத்துப் பிழை இருந்தா பாத்துச் சொல்லு."

குழாய்க் கிடங்கில் மோமிர் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தாள். யார் யார் அங்கே நின்றார்கள், யார் தலையாட்டினார்கள் என்று எழுதவில்லை. தான் கேட்டது, தன்னிடம் சொன்னது, அவ்வளவுதான். கடைசிப் பத்தியில், சாவடிக்குள் ஒருவர் படம் எடுத்ததாகவும், தலைவி அதைத் தடுத்து எழுதி வைத்ததாகவும், அதைத் தவிர ஓட்டுப் பதிவிலும் எண்ணிக்கையிலும் தான் எந்தத் தவறையும் பார்க்கவில்லை என்றும் இருந்தது. கீழே கையெழுத்து.

"இது உன் வேலைக்கே உலை வைக்கும், ருமெனா."

"தெரியும். பிழை இருக்கா?"

இரண்டு இடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. போட்டுக் கொடுத்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அவள் கையை ஆட்டி நிறுத்திவிட்டாள். உனக்காக இல்லை என்றாள். அதைக் கோபமாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

முதலில் சாஸ்லாவிடம் போனாள். கையெழுத்துப் போடாத புகாரைத் திருப்பிக் கொடுத்து, தன் தாளின் நகலையும் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றாள். பிறகு பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போய், அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் அசலைக் கொடுத்துவிட்டு வந்தாள். மத்தியானம் தாண்டியிருந்தது. புகாருக்கான நேரம் முடிந்துவிட்டது.

அவள் கையெழுத்துப் போட மறுத்த செய்தி அவளுக்கு முன்னால் ஊர் முழுக்கப் போய்விட்டது. இன்னொரு தாளைக் கொடுத்துவிட்டு வந்தது யாருக்கும் தெரியாது. அதனால்தான் மறுநாள் மோமிர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தன் கையாலேயே காப்பி ஊற்றி, சாக்லேட் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். நீ நம்ம ஆள்தான் என்று எனக்கு எப்போதும் தெரியும் என்றார். பெண்பிள்ளை வளர்த்த பாசத்தில் கொஞ்சம் தடுமாறிவிட்டாய், யாரும் தப்பாக நினைக்கவில்லை என்றார். முட்டியை மடக்கிக் குழிக்குள் பார்க்கிற வயதா இது, வசூல் ஜன்னலில் ஹீட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகிறது என்றார். அந்த நாற்காலிக்காக எங்கள் ஊரில் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ருமெனா அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"டைரக்டர் சார், நேத்து நான் ஒரு பேப்பர் கொடுத்துட்டு வந்திருக்கேன். நீங்க வேற யார் வாயாலயாவது கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லிடறேன்."

சொன்னாள். கிடங்கில் அவர் பேசிய வார்த்தைகளை அவருக்கே திருப்பிச் சொன்னாள். மோமிர் காப்பியை ஒரு வாய் குடித்தார். பிறகு சாக்லேட் பெட்டியை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இந்தப் பக்கமும் ஆள் இல்ல, அந்தப் பக்கமும் ஆள் இல்ல. எப்படி இருக்கப்போற, ருமெனா?"

"தெரியல," என்றாள். இதை என்னிடம் சொன்னபோது, அந்த ஆள் கேட்டதிலேயே நியாயமான கேள்வி அது ஒன்றுதான் என்றாள்.

அவளை வேலையைவிட்டு எடுக்கவில்லை. எடுத்தால் பேச்சாகிவிடும். மலைக்கு மேலே இருக்கும் கிராமங்களுக்கு மாற்றினார்கள். அங்கே பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நிறுவனத்து வண்டி அவளுக்கு மட்டும் எப்போதும் பழுது. ஊருக்குள் அவள் நடந்தால் நெவெனாவின் கட்சிப் பெண்கள் தெருவின் மறுபக்கத்துக்குப் போனார்கள். ஜெயித்தவர்கள் எதிரில் வந்து அளவுக்கு மீறிச் சிரித்தார்கள். இரண்டாவதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. ரொட்டிக் கடையில் ஒருவன், நேர்மை அம்மாவுக்கு வழிவிடுங்கப்பா என்றானாம். அவள் ரொட்டி வாங்காமல் திரும்பி வந்துவிட்டாள். அன்று என் வீட்டு ரொட்டியில் பாதி கொடுத்தேன்.

சில நாள்களில் அவர்கள் குடும்பப் புனிதரின் திருநாளான ஸ்லாவா வந்தது, புனித நிக்கோலா நாள். அதற்கு யாரையும் அழைக்கிற வழக்கம் இல்லை, வருகிறவர்கள் தாமாக வருவார்கள். முதலில் வருவது எப்போதும் கூம். ருமெனா கெண்டை மீனும் அவரையும் சமைத்து, மெழுகுவத்தி ஏற்றி, மேஜை நிறைய அடுக்கிவிட்டுக் காத்திருந்தாள். பாதிரியார் வந்து போனார். வூகோமானின் அண்ணன் குடும்பம் வந்தது. நான் இருந்தேன். முற்றத்தில் நாய் குரைக்கும்போதெல்லாம் அவள் எழுந்தாள். சாஸ்லாவ் வரவில்லை. நெவெனாவுக்கு வேலையாம்.

விருந்தாளிகள் போன பிறகு பாத்திரம் துலக்க நான் உதவிக்கு நின்றேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தாள். தோள் குலுங்கியது. தேர்தலுக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

"தோத்துட்டோம், சரி. எல்லாரும் ஒண்ணா உக்காந்து அழுதிருக்கலாம் லேபா. எனக்கு அதுவும் கிடைக்கல."

மற்ற ஊர்களில் சில சாவடிகளில் மறு ஓட்டெடுப்பு நடந்தது. கட்சி அப்படியும் உள்ளே போக முடியவில்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டுதான் தேவைப்பட்டது. எங்கள் சாவடியும் சேர்ந்திருந்தால் எட்டியிருக்குமா என்று ஊரில் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். எட்டியிருக்கும் என்று சாஸ்லாவ் சத்தியம் செய்வார். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. ருமெனா போட்டுப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். விடை என்ன வந்தது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் கொடுத்த தாளைப் பற்றி ஒரு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். கிடங்கில் இருந்த மற்றவர்கள் தங்களுக்கு எதுவும் நினைவில்லை என்றார்கள்.

நெவெனா குளிர்காலம் முழுக்க அப்பாவிடம் மட்டும் ஃபோனில் பேசினாள். வூகோமான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, அது தெரியாதவன் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். ஈஸ்டருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். முதல் நாள் அம்மாவும் மகளும் உப்பைக் கொடு, துண்டைக் கொடு என்ற அளவில்தான் பேசிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் நான் ஈஸ்டருக்குச் சாயம் பூசிய சிவப்பு முட்டைகளோடு போயிருந்தபோது நெவெனா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"அம்மா, நெஜமாவே உள்ள ஒண்ணும் நடக்கலியா?"

"ஒண்ணும் நடக்கல."

"மூணு தடவ எண்ணினியாமே."

"மூணாவது தடவ நானே எண்ணினேன்."

"அப்போ ஜனங்க ஏன் நமக்குப் போடல?"

"பெல்கிரேட்ல அவ்வளவு பேர் உக்காந்திருக்கீங்களே, அதக் கண்டுபிடிங்க."

நெவெனாவின் முகம் சிவந்தது. கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து போகப்போகிறாள் என்று நினைத்தேன். வேறொரு உருளைக்கிழங்கை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். சமாதானம் ஆனார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று சாப்பாட்டு நேரத்தில் பேச்சு இருந்தது, பாதி சண்டைதான்.

இலையுதிர் காலத்தில் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழையில் சாஸ்லாவ் வந்து ருமெனாவின் கேட்டுக்கு வெளியே நின்றார். நான் என் வீட்டு முற்றத்தில் காயப்போட்ட துணியை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தேன். துணியை எடுத்து முடித்த பிறகும் நான் உள்ளே போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ருமெனா கதவைத் திறந்தாள். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அவர்கள் முகம் பார்த்துப் பேசியிருக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அவள் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. சாவடியில் உட்கார முடியுமா என்று கேட்டார்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க, கூமே?"

"வேற ஆள் கிடைக்கல."

"கிடைச்சிருந்தா?"

"வந்திருக்க மாட்டேன்."

ருமெனா சிரித்துவிட்டாள். வாய்விட்டு, மழைச் சத்தத்தையும் மீறி. அவர் மட்டும் சிரிக்கவில்லை, தொப்பியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டு வாங்க, நேற்றுத்தான் தரையைத் துடைத்தேன் என்றாள். அவர் வாசலில் குனிந்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். உள்ளேயிருந்து வூகோமான் யார் வந்திருப்பது என்று குரல் கொடுத்தான்.